தண்ணீரின் நுனியைப் பிடிக்க வந்தவர்

எதற்கெல்லாம் ஓரம் என்று ஒன்று இருக்கிறதோ, அதையெல்லாம் படம் எடுத்துத் தீர்த்த மனிதர் இந்தக் காவேரிச் சீமையில் ஒரே ஒருவர்தான். வயலுக்கு ஓரம் உண்டு, குளத்துக்கு ஓரம் உண்டு, எல்லோரும் பார்த்திருப்போம். மழைக்கு ஓரம் பார்த்திருக்கிறீர்களா? அவர் பார்த்திருக்கிறார். மழை இதுவரைக்கும் பெய்தது, இதற்கு மேல் பெய்யவில்லை என்று தார் ரோட்டில் ஒரு கோடு விழுமாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்து நின்று அதை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். ஆள் பாதி நனைந்திருந்தார். சத்தியமாகப் பாதிதான்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஓரத்தார் என்றால்தான் தெரியும். எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே, காவேரித் தண்ணீர் ஓடி ஓடிக் களைத்துக் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. நடவு ஆட்களுக்கு அங்கே நான்தான் தலைவி. என் சொல்லுக்கு மறுசொல் சொல்லத் துணிகிறவள் வளர்மதி ஒருத்திதான். அவளும் சொல்லிவிட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றுகொள்வாள்.

ஓரத்தாரை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"பெரியம்மா! வரப்புல ஒருத்தன் மூணு காலை நட்டுட்டு நிக்கிறான். அளக்குறான் பெரியம்மா!"

எங்கள் பக்கத்தில் வயலில் எவனாவது மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றினால், குழாய் பதிக்க அளக்க வந்துவிட்டான் என்று அர்த்தம். பூமியைத் துளைத்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிறேன் என்று வந்தவர்களை மறித்துப் பழகிய ஊர். கையில் நாற்று முடியோடு அத்தனை பெண்களும் கரையேறிச் சுற்றி வளைத்துவிட்டோம்.

"யாரக் கேட்டு அளக்குறீங்க?" என்றேன்.

"அளக்கலைங்கக்கா. போட்டோ எடுக்கிறேன்."

"எதை?"

"இந்த வரப்போட ஓரத்தை."

"எங்க வரப்பு ஓரத்துல என்ன இருக்கு?"

"அதைத்தாங்கக்கா பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க மறைச்சிட்டீங்க."

வளர்மதி கேமராவைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். அவரே பொத்தானை அமுக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். நண்டு வளையின் வாசல். குளத்துத் தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் வளையம் வளையமாகக் கோடுகள். அறுத்த வயலுக்கும் அறுக்காத வயலுக்கும் நடுவே ஒரு தட்டான். இவ்வளவு படத்தில் ஒரு மனுச முகம் கிடையாது. நான் யோசித்துக்கொண்டு நிற்க, வளர்மதி அவரை மேலும் கீழும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"விட்டுரு பெரியம்மா. அளக்க வர்றவன் இடுப்பு வரைக்கும் சேறு பூசிக்க மாட்டான். இது வேற கேசு."

அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டார். டவுனில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தவராம். மகன் தலையெடுத்ததும் கடையை அவனிடம் விட்டுவிட்டு, ஒரு மொபெட்டும் ஒரு கேமராவுமாகக் கிளம்பிவிட்டாராம்.

"ஏன், கல்யாணம் கசந்து போச்சா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் நடுவுலயே வந்து நிக்கிறாங்கக்கா. மாப்பிள்ளை நடுவுல, பொண்ணு நடுவுல, தாய்மாமன் இடிச்சுக்கிட்டு நடுவுல. ஆயுசு பூரா நடுவையே பாத்து அலுத்துப் போச்சு. ஓரத்துல என்னதான் இருக்குன்னு பாப்போம்னு வந்துட்டேன்."

பழக்கம் விடுமா என்று நினைத்து, என் தம்பி மகன் கல்யாணத்துக்கு அவரையே படம் எடுக்கச் சொன்னேன். ஆல்பம் வந்தது. பந்தலின் கடைசிக் கீற்று ரோட்டைத் தொடுகிற இடம். இலை ஓரத்தில் ரசம் வழிந்து போகிற வழி. ஜமக்காளத்தின் ஓரத்தில் கிடந்த ஒற்றைச் செருப்பு. பெண்ணைப் பெற்றவள் ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "பொண்ணு எங்கங்க?" என்று கேட்டாள். ஓரத்தார் பவ்யமாக ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இந்த முந்தானை பொண்ணோடதுதாங்க."

அந்தச் சம்பந்தியம்மாள் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒரு தடவை வேதாரண்யத்துக்குப் போனார். உப்பளம் எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டே போய், கடல் ஏறி வருவது தெரியாமல் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார். மீன்காரர்கள் இரண்டு பேர் குண்டுக்கட்டாகத் தூக்கிக் கரையில் போட்டார்களாம். அதைச் சொல்ல வெட்கமே இல்லை அவருக்கு. என்னிடம் வந்து சொன்னது வேறு. "அங்க ஒரு புல்பூண்டு இருக்குக்கா. இந்தாண்ட நெல்லு முடிஞ்சிடுது, அந்தாண்ட உப்பு ஆரம்பிக்கிது. ரெண்டுக்கும் இடையில அது பாட்டுக்குச் செவசெவன்னு செழிப்பா நிக்கிது. யாரும் நட்டதில்ல, யாரும் தண்ணி பாய்ச்சினதில்ல."

படத்தைப் பார்த்தேன். விரல் விரலாக, சதைப்பிடிப்பாக, நிஜமாகவே சிவந்துபோய் நின்றது. அதற்கு முன்னால் வரப்பில் நடந்தால் வழுக்குமா வழுக்காதா என்று மட்டும்தான் பார்ப்பேன். அதற்குப் பிறகு காலடியில் என்ன நிற்கிறது என்றும் பார்க்கத் தொடங்கினேன். என்னை அப்படிப் பார்க்க வைத்தவர் அவர்தான். இதைச் சொல்வதில் எனக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆனால் அவர் உயிரை விட்டுத் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, கோடையில் வெடித்துக் கிடக்கும் எங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வரும் இல்லையா? அந்தத் தண்ணீருக்கு ஒரு நுனி இருக்கும். காய்ந்த மண்ணும் ஈர மண்ணும் தொட்டுக்கொள்கிற அந்த நுனியை, மனுசக் கால் படுவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று வருஷா வருஷம் வருவார்.

எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமா? முதல் தண்ணீர் வந்தால் நடவுத் தலைவி இறங்கிக் கால் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விதைநெல்லும் பூவும் தூவ வேண்டும். பிறகு ஊரே இறங்கும். என் மாமியாருக்குப் பிறகு முதல் கால் என் கால். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் முதல் வருஷம் எடுத்த படத்தில் தண்ணீர் இல்லை. மெட்டியோடு என் கால் இருந்தது.

"இது யாரு காலுன்னு கேட்டா நான் என்னக்கா சொல்றது?" என்றார் அழாத குறையாக.

"கடைமடையோட காலுன்னு சொல்லுங்க" என்றேன்.

அடுத்த வருஷம் கவுன்சிலர் தாம்பாளத்தில் பூவோடு வந்து, கேமராவுக்கு நேராகச் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டார். படம் கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்பினார். ஓரத்தார் கொடுத்த படத்தில் கவுன்சிலர் வேட்டியின் நனைந்த கரை மட்டும் இருந்தது. அதற்கடுத்த வருஷம் ஓரத்தார் இந்த வாய்க்காலில் காத்துக் கிடக்க, மேலே மதகை மாற்றித் திறந்து, தண்ணீர் கிழக்கு வாய்க்காலில் வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் அங்கே கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தோம். அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் நினைவில்லை.

இந்த வருஷம் வந்தபோது மொபெட்டோடு நேராகப் போய் என் வைக்கோல் போரில் செருகிக்கொண்டார்.

"போரு ரோட்டுக்கு வந்துச்சா, நீங்க போருக்குப் போனீங்களா?" என்று தூக்கி விட்டேன். சிரித்தார். டீ கொடுத்தேன். பக்கத்தில் வைத்த டம்ளரைக் கை தேடிப்போய்த் தட்டிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

"கண்ணு என்ன செய்யிது?"

"தஞ்சாவூர்ல காட்டினேங்கக்கா. கண்ணுக்குள்ள பிரஷராம். ஓரத்துலேருந்து இருட்டிக்கிட்டு வருதாம். சொட்டு மருந்து விட்டா இருக்கறத காப்பாத்தலாமாம். போனது போனதுதானாம்."

"நடு?"

"நடு ஜோராத் தெரியிது. உங்க மூக்குத்தி தெரியிது. தோடுதான் தெரியல." கவிழ்ந்த டம்ளரைத் தடவி எடுத்து நிமிர்த்தி வைத்தார். "அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு டாக்டரும் சொல்ல மாட்டேங்குறாருக்கா. இந்தத் தடவை மட்டும் அந்த நுனி கிடைச்சிட்டா, அப்பறம் நான் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அன்று சாயங்காலமே பெண்களைக் கூட்டினேன். தண்ணீர் வரும்போது அவர் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தி கால் வாய்க்காலில் இறங்கக் கூடாது என்றேன்.

"முதல் தண்ணி வந்து கால் வைக்காம நிக்கிறதா? வெள்ளாமை வெளங்குமா பெரியம்மா?" என்றாள் வளர்மதி. வழக்கம்போல இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டுதான்.

"முதல் கால் யாரு காலுடி?"

"ஒன் காலு."

"நானே வைக்கலங்கிறேன். ஒனக்கு என்ன?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். தள்ளிப் போன இரண்டு எட்டையும் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். கவுன்சிலருக்கும் நானே போய்ச் சொன்னேன். "தண்ணிக்கு மரியாதை செய்ய வேணாமா?" என்று மீசையை முறுக்கினார். "செய்யலாம். தண்ணி எங்கயும் ஓடிடாது, நம்ம ஊருதான் அதுக்குக் கடைசி" என்றேன்.

மதகைத் தாண்டிவிட்டது என்று தகவல் வந்தபோது உச்சி வெயில். ஓரத்தார் காய்ந்த வாய்க்காலுக்குள் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துவிட்டார். ஊர் முழுக்க இரண்டு கரையிலும் வந்து நின்றது. எங்கள் ஊர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். சாவு வீட்டில்கூட அப்படி நின்றதில்லை. வளர்மதி தன் ஆட்டின் கழுத்து மணியைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள். கவுன்சிலர் தாம்பாளத்தோடு வியர்த்து வழிந்தார்.

முதலில் எறும்பு கரையேறியது. பிறகு வெடிப்புகளுக்குள் இருந்த பூச்சிகள் தத்திக்கொண்டு வெளியே வந்தன. அவற்றைக் கொத்திக்கொண்டே கொக்குகள் நடந்து வந்தன, தண்ணீருக்குக் கட்டியம் சொல்லுகிற மாதிரி. பின்னால் அது வந்தது. சூடான பொரியில் பாலை ஊற்றினால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்தோடு ஒவ்வொரு வெடிப்பையும் குடித்துக் குடித்து வந்தது. நானும் பிறந்ததிலிருந்து முதல் தண்ணீர் பார்க்கிறேன். அது வருகிற அழகை அன்றுதான் பார்த்தேன். எப்போதும் குதித்துவிடுவேனே, எங்கே பார்ப்பது?

தண்ணீர் அவர் முழங்கையைத் தொட்டது. அவர் அசையவில்லை. மார்பு நனைந்தது. சட்டைப் பையில் இருந்த சொட்டு மருந்து மிதந்து போனது. கேமராவை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே எடுத்தார். தாடை நனைந்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார்.

நான் இறங்கி அவருக்கு நேரே போய் நின்றேன். படத்தைக் காட்டினார். வெடித்த மண், அதற்கு மேல் பழுப்பு நுரை, நுரையின் நுனியில் ஒரு வைக்கோல் துரும்பும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒரு சின்ன நண்டு.

"கிடைச்சிடுச்சுக்கா" என்றார். பிறகு, "ஆமா, இந்த வருஷம் ஏன் ஒருத்தரும் வரல? சத்தத்தையே காணுமே? ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

அவர் முகவாயைப் பிடித்து மெல்ல இடது பக்கம் திருப்பினேன். பிறகு வலது பக்கம். கரையில் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். நீங்க படுத்ததுலேருந்து நிக்கிறோம்."

வளர்மதி ஆட்டு மணியை விட்டாள். "பெரியம்மா, இப்பவாச்சும் கால வையி! எங்களால முடியல!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தால் தண்ணீர் என் கணுக்காலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை. ஊர் மொத்தமும் திபுதிபுவென்று இறங்கியது. கவுன்சிலர் பூவை அள்ளி எங்கள் இரண்டு பேர் தலையிலும் கொட்டினார்.

அந்தக் கும்பலில் அவர் யார் மேலாவது முட்டிக்கொள்வாரே என்று கையைப் பிடித்துக் கரையேற்றினேன். ஏறிய பிறகு விட்டிருக்கலாம். வீடு வந்து சேரும் வரைக்கும் விடவில்லை.