இடம் மாறிய சீட்டுகள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அக்கா அவர்களுக்கு,

உங்கள் அன்புத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். சமையலறைத் தரை மட்டும் கொஞ்சம் கவலைக்கிடம். அங்கே நீங்களும் அத்தானும் நலம்தானே? மரியாதை இத்துடன் போதும். அடுப்பில் பால் இருக்கிறது, இனி ‘நீ’தான்.

நீ சொன்னதே சரி அக்கா. பள்ளிக்கூடம் எதற்கு, என் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன் என்று அன்று மார்தட்டினேன். இவள் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போக, நான் ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் புத்தகமுமாக நிற்கிறேன். பெருக்கினால் பாடம் நிற்கிறது, பாடம் எடுத்தால் பால் பொங்குகிறது. கூட்டல் சொல்லிக்கொண்டே துணி ஊறவைத்ததில் இவளுடைய வெள்ளை உடுப்பு ரோஸ் நிறமாகிவிட்டது. நோயாளிகளுக்குப் பிடித்ததாம், தலைமை நர்ஸுக்குப் பிடிக்கவில்லை.

பெரிய கவலை பெரியவள்தான். ஆறு வயதாகிறது, ஒரு சொல் படிக்க மாட்டேன் என்கிறாள். வேலையோடு வேலையாகப் படிப்பும் ஏறட்டும் என்று வீட்டிலுள்ள பொருள்களுக்கெல்லாம் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டினேன். கதவு, உப்பு, சோப்பு, குப்பை என்று வீடே மருந்துக்கடை மாதிரி ஆயிற்று. "இது என்னம்மா?" என்று கேட்டால் வாயைத் திறக்காமல் என்னைப் பாவமாகப் பார்க்கிறாள். சின்னவனோ மூன்று வயதுப் பொடியன், சீட்டுகளைப் பிய்த்துக் கண்ட இடத்தில் ஒட்டுகிறான். விடியுமுன் எழுந்து கத்துகிறவன், தன் முதுகிலேயே ‘அலாரம்’ ஒட்டிக்கொண்டு திரிந்தான். கை எப்படித்தான் எட்டியதோ! கண்ணயர்ந்த என் தொந்தியில் ‘தலையணை’. அப்படியே கடைக்குப் போய், கடைக்காரர் சிரித்த சிரிப்பில் வாங்கப் போனதையே மறந்து வந்தேன். இரவு வேலை முடிந்து வந்து தூங்கிய இவள் கன்னத்தில் ‘சர்க்கரை’. காலை முழுவதும் நின்று நான் சமைத்த பாத்திரத்தில் ‘குப்பை’. எழுத்தே தெரியாத குழந்தையைத் திட்டி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

தோற்றுவிட்டேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வந்து பெரியவளை அழைத்துப் போ. உன் வீட்டில் வைத்து உன் பள்ளியிலேயே சேர்த்துவிடு. நீ தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவாய் என்பதுதான் அவள் பயம். துணிகளைப் பையில் அடுக்கிவிட்டேன். ஒவ்வொரு கவுனை மடிக்கும்போதும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

அத்தானுக்கு வணக்கம். உங்கள் வீட்டுத் தரை என்றும் காய்ந்தே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஈரக்கை காயாத தம்பி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பார்க்கிறேன், அவள் துணிப்பையில் ‘குப்பை’ சீட்டு! சின்னவனைத் திட்டலாம் என்றால் அவன் என் தோளில் தூங்குகிறான். பெரியவளைக் கேட்டேன்.

"யார் ஒட்டினது?"

"நான்தான். எல்லாமே நான்தான்பா ஒட்டினேன்."

"உனக்குப் படிக்கத் தெரியுமா? அப்ப கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"உப்புன்னு எழுதினதே நீதானே? தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்ட எதுக்குக் கேக்கற?"

எனக்கு அழுகை வந்தது, பாலும் பொங்கியது. பையைக் காலி செய்துவிட்டேன். நீ அவசியம் வா, சாப்பிடு, தனியாகத் திரும்பிப் போ. உறையின் மேல் உன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘சோப்பு’ என்று ஒட்டியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. அது சின்னவன் வேலை.