ரெண்டாவது பள்ளம்

"சார், என் கடைக்குள்ள பைக் வருது," என்றார் தையல்காரர் போனில். "துணி தைக்கக் கொடுக்க இல்ல. பள்ளத்துக்குப் பயந்து."

"அது பள்ளம் இல்லைங்க. படம்."

"படம்னு பைக்குக்குத் தெரியுமா?"

பதில் சொன்னவர் போனை வைத்தார். நகராட்சி அலுவலகத்தில் அவருக்குத் தொடைநடுங்கி என்று பெயர். பல்லி, லிஃப்ட், கமிஷனர் என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் பயப்படுவார். அவரைப் போய்த்தான் புதிதாக ஆரம்பித்த நடத்தை அறிவியல் பிரிவில் போட்டிருந்தார்கள். அபராதத்துக்கு அசையாத ஜனங்களை அவர்கள் மனசை வைத்தே வழிக்குக் கொண்டுவரும் பிரிவு. பயப்படத் தெரிந்தவனுக்குத்தானே பயமுறுத்தவும் தெரியும் என்று அவரும் தலையாட்டிவிட்டார். வேலை தற்காலிகம். முதல் திட்டம் உருப்பட்டால் நிரந்தரம், ஊற்றிக்கொண்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்து ரோட்டில் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. வேகத்தடை போட்டால் இடுப்பு போகிறது என்று புகார். அதனால் நடுரோட்டில் ஒரு பள்ளத்தை அச்சு அசலாக வரைய வைத்தார். பார்க்கிறவன் தானாகவே வேகத்தைக் குறைப்பான் என்பது கணக்கு. குறைத்தான். குறைத்த கையோடு நடைபாதையில் ஏற்றித் தையல் கடைக்குள் போய் நின்றான்.

உடனே ஒரு பலகை வைத்தார்: 'இது பள்ளம் அல்ல, படம். பயப்பட வேண்டாம்.'

அடுத்த போன் தலைமையாசிரியையிடமிருந்து.

"பயப்பட வேண்டாம்னு எழுதி வெச்ச புண்ணியவான் நீங்கதானா? இப்ப ஒருத்தனும் பயப்படல. படத்து மேல ஏறிப் பறக்கிறானுங்க. முன்னயாவது பிரேக் பிடிச்சிட்டு இருந்தானுங்க. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கமிஷனர் ரூம்ல வந்து உக்காருவேன்."

வேலை கிடக்கட்டும், ஒரு பிள்ளை சக்கரத்தில் விழுந்தால்? அவருக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. ஓவியரைப் போனில் பிடித்தார்.

"பள்ளிக்கூட வாசலுக்கு முன்னாடி இன்னொண்ணு வரையணும். நாளைக்கு கமிஷனர் பார்வையிட வர்றார். முதல் பள்ளம் ரொம்ப சாதுவாப் போச்சு. இதைப் பாத்தா ஈரக்குலை நடுங்கணும்."

"அவர் வர்றதுக்குள்ள முடிச்சுடறேன் சார்."

மறுநாள் காலையில் பியூன் மூச்சிரைக்க வந்தார்.

"ரெண்டாவதைப் பாத்துட்டேன் சார். யப்பா. ஓரமெல்லாம் மண்ணு சரிஞ்சு நிக்குது. அடியில தண்ணி வேற."

"கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்கு வம்பு? நான் புள்ளகுட்டிக்காரன். சுத்திக் கல்லு வெச்சு யாரோ சிவப்புத் துணி கட்டியிருக்காங்க சார்."

தொடைநடுங்கி பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"அதுதாங்க வெற்றி. நிஜம்னே நம்பிட்டாங்க. ஆனா கமிஷனர் பாக்கறப்போ கல்லும் துணியும் இருந்தா படம் எடுபடாது. எடுத்துடுங்க."

பியூன் முகத்தைத் திருப்பிக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்தார்.

கமிஷனரின் காரில் தொடைநடுங்கி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட்டில் கமிஷனர். அவர் மூச்சு விடுகிற சத்தமே இவருக்கு மெமோ மாதிரி கேட்டது. முதல் பள்ளம் வந்ததும் டிரைவர் கால் பிரேக்குக்குப் போனது.

"நேராப் போங்க," என்றார் இவர்.

கார் ஏறியது. ஒரு குலுக்கல்கூட இல்லை.

"பலே," என்று கமிஷனர் விழுந்து விழுந்து சிரித்தார். "தெரிஞ்சும் நான் சீட்டைப் பிடிச்சுக்கிட்டேன்யா. உங்க நிரந்தர ஆர்டரை இன்னைக்கே போட்டுடறேன்."

தொடைநடுங்கிக்குக் கண் கலங்கியது. பயமில்லாமல் இருந்தால் உடம்பு இவ்வளவு லேசாக இருக்குமா என்று அவருக்கே ஆச்சரியம். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், ரோடு காலி. எதிரே ரெண்டாவது பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"சார், இது..." என்று டிரைவர் இழுத்தார்.

"இதுவும் படம்தான். பிரேக்ல கால் வைக்காதீங்க. நல்லா மிதிங்க. கமிஷனர் சார் அனுபவிக்கட்டும்."

டிரைவர் மிதித்தார். அதே நேரம் போன் அடித்தது. ஓவியர். நல்ல நேரத்தில்தான் கூப்பிடுகிறான் மனுஷன் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கமிஷனர் பக்கம் நீட்டினார்.

"ஓவியரே, கமிஷனர் சார் பாராட்டப் போறார், பேசுங்க."

"மன்னிச்சுக்கோங்க சார், நீங்க சொன்ன இடத்துலயே தண்ணிக் குழாய்க்காரங்க தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க, ரெண்டாவது படத்தை நான் எங்க வரையட்டும்?"