தெற்கே பொங்கிய பானையும் என் இரும்பு முக்காலியும்

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள். எனக்குச் சிரங்கு வந்ததில்லை. இரும்பைத்தான் சில ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்துப் பார்த்தேன். அதற்கே என் நாத்தனாரின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை எதையாவது ஓங்கி அடிக்க வேண்டும் போலிருக்கும். (பிள்ளைகளை அடிக்கக் கூடாது. கணவரை அடிப்பதற்கும் ஏதோ சட்டம் இருக்கிறதாம்.) அப்போதுதான் போனில் ஒரு வீடியோ வந்தது. விழுப்புரம் பைபாஸ் ஓரத்து ஷெட் ஒன்றில் கொல்லுப்பட்டறை வேலை சொல்லித் தருகிறார்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம், செய்த பொருளை வீட்டுக்கே கொண்டு போகலாம் என்றார்கள். உடனே சேர்ந்துவிட்டேன்.

சொல்லித் தந்தவர் அருள் என்ற பாலிடெக்னிக் படித்த இளைஞர். உலையைவிடத் தன் செல்போனைத்தான் அதிகம் கவனிப்பார். யார் எதைச் செய்து காட்டினாலும் "சூப்பர்" என்பார். முதல் வாரம் என்னால் சம்மட்டியைத் தூக்க முடியவில்லை. இரண்டாம் வாரம் தூக்கிவிட்டேன், நினைத்த இடத்தில் இறக்க முடியவில்லை. ஆணி அடிக்கச் சொன்னார்; முருங்கைக்காய் மாதிரி ஒன்று வந்தது. "சூப்பர் மேடம், வித்தியாசமா இருக்குது" என்று படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக நான் செய்தது ஓர் அடுப்பு முக்காலி. மேலே வளையம், கீழே மூன்று கால். அடியில் விறகை எரித்து, மேலே பானையை வைக்கலாம்.

"மட்டம் பாத்துடுங்க மேடம். ரசமட்டம் அங்க இருக்குது" என்றார் அருள்.

என்னிடமா? "தம்பி, நாலு கால் இருந்தாத்தான் ஆடும். மூணு கால் எங்க வெச்சாலும் ஆடாது. மூணு புள்ளி இருந்தா ஒரு தளம். இது கணக்கு" என்று சொல்லி முக்காலியைப் பிடித்து உலுக்கிக் காட்டினேன். அசையவே இல்லை.

"சூப்பர் மேடம்."

மூன்று கால் ஆடாது என்பது உண்மைதான். ஆனால் ஆடாமல் அசையாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஒரு கால் சுண்டுவிரல் அகலத்துக்குக் குட்டை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவளுக்கு அதில் ஒன்று குட்டை என்பது மட்டும் எப்படித் தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் சுகந்திக்கு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை வளவனூரில் உரக்கடை வைத்திருப்பவர். அவருக்கும் சுகந்திக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் (அதாவது எல்லோருக்கும் தெரிந்து) போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு மட்டும் மாப்பிள்ளையின் பெரியம்மா கையில் இருந்தது. அந்தம்மாள் ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் குலதெய்வம் அம்மன் கோயிலில் பொங்கல் வைக்க வேண்டும். கிழக்கே பொங்கினால் அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம். தெற்கே பொங்கினால் பேச்சே கிடையாது.

"மூணு செங்கல்லு போதாதா? இதை வேற இன்னாத்துக்குத் தூக்கிக்கினு வர்றே?" என்று மாமியார் கேட்டார். என் கையால் அடித்த இரும்பில் சுகந்தியின் நல்ல காரியம் தொடங்க வேண்டும் என்று உருக்கமாகப் பேசி, முக்காலியை வேனில் ஏற்றினேன். அதில் பாசம் பாதி, பெருமை பாதி.

கோயில் வாசலில் முக்காலியை நானே வைத்தேன். அடி தட்டையான பித்தளைப் பானையில் கழுத்துவரை பாலும் தண்ணீரும் ஊற்றி, விறகைப் பற்றவைத்தோம். எல்லோரும் வட்டமாக நின்றோம். நுரை எழும்பியது. நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று வாயெடுப்பதற்குள், பால் ஒரு சொட்டுகூட வேறு பக்கம் போகாமல் தெற்கே பார்த்து வழிந்தது.

வாயெடுத்தவர்கள் அப்படியே மூடிக்கொண்டார்கள்.

"இனிமே இன்னா இருக்குது? தெக்கால பொங்கிட்டுது. அம்மா வேணாங்குறா" என்றார் பெரியம்மா. மாப்பிள்ளையின் அப்பா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வேனைப் பார்த்தார்.

என் கணவர் காதோரம் வந்து, "ஜெயந்தி, முக்காலி கோணலா இருக்குதா பாரு" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் தலையை ஆட்டியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

"என் முக்காலியா?" என்று ஆரம்பித்துவிட்டேன். மூன்று புள்ளி, ஒரு தளம், முழுப் பாடத்தையும் குலதெய்வத்தின் முன்னால் நடத்தினேன். ஒரு விறகால் முக்காலியை முட்டி, ஆடவில்லை என்றும் நிரூபித்தேன்.

பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். "அப்ப முக்காலி மேல தப்பு இல்லியாம்மா?"

"துளிகூட இல்லங்க."

"அப்ப அம்மா சொன்னதுதான்."

அந்த நிமிடம்தான் நான் எதை நிரூபித்தேன் என்பது எனக்கே விளங்கியது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எந்தத் தேற்றத்தையும் நான் நிறுவியதில்லை.

"அண்ணிக்கு மொதல்ல இருந்தே இது புடிக்கல. அவரு காது பெருசுன்னு சொல்லிச்சி" என்றாள் சுகந்தி, அத்தனை பேர் முன்னாலும். மாப்பிள்ளை தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். (பெருசுதான். ஆனால் அதைச் சொல்லும் நேரமா அது?)

"தரைதான் மேடு பள்ளமா..." என்று இழுத்தேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மாமியார், என் முகத்தைப் பார்க்காமலே.

சுகந்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சட்டென்று கோபப்படுவாள், கத்துவாள், அழுது நான் பார்த்ததில்லை. கணக்காவது மண்ணாவது என்று பெரியம்மாவிடம் ஓடினேன். "கோணல்தாங்க! நான் செஞ்சது மொத்தமும் கோணல்! எனக்கு ஒரு ஆணிகூட அடிக்க வராதுங்க!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், நாத்தனாருக்காவப் பொய் சொல்லுது. நல்ல பொண்ணும்மா நீ."

இனி நான் எதைச் சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்துவிட்டது. காப்பாற்றியவள் சுகந்திதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, விறகை இழுத்துப் போட்டாள். பானையைத் துணியால் பிடித்து இறக்கினாள். முக்காலியின் மேல் ஒரு தட்டை வைத்து, பூசைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை அதன் நடுவில் விட்டாள். பழம் தெற்கே உருண்டு விழுந்தது. முக்காலியை விறகால் தள்ளித் திருப்பிவிட்டு மறுபடி விட்டாள். கிழக்கே உருண்டது.

"பெரிம்மா, எலுமிச்சம்பழத்துக்கும் அம்மாவா உத்தரவு குடுத்துக்கினு இருக்குறா?" என்றார் மாப்பிள்ளை. அவர் காது எனக்கு அந்த நொடியிலிருந்து அளவாகத்தான் தெரிகிறது.

பெரியம்மா குனிந்து எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டார். "இன்னொரு தபா வைங்க. ஜல்தி" என்றார்.

சுகந்தியே குட்டைக் காலைக் கிழக்கே பார்த்து வைத்தாள். பால் கிழக்கே பொங்கியது. பொங்காமல் என்ன செய்யும்? முதல் குலவை பெரியம்மாவுடையது. "அம்மா மனசு மாறிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழம் உருண்டதை இரண்டு கண்ணாலும் பார்த்தவர்தான். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தட்டு மாற்றினோம்.

அதன்பிறகு அந்த முக்காலி எங்கள் வீட்டில் தங்குவதே இல்லை. வீடு வாங்க நினைப்பவர், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருப்பவர், பெண் பார்க்கப் போகிறவர் என்று திண்டிவனத்துக்கும் வளவனூருக்கும் இடையில் சொந்தக்காரர்கள் கை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். குட்டைக் காலுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மறந்துவிடக் கூடாது அல்லவா? நிறைய முறை வாங்கிப் போனவர் பெரியம்மாதான்.

ரோஷத்தில் மறுபடி விழுப்புரம் போய், ரசமட்டம் வைத்து, நேரான முக்காலி ஒன்றைச் செய்து வந்தேன். இந்தப் பொங்கலுக்கு அதில் பானை வைத்தோம். பால் நாலு பக்கமும் ஒரே மாதிரி வழிந்தது. "இது இன்னாத்துக்கு ஆவும்? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே" என்று மாமியார் அதைத் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் போட்டுவிட்டார்.

விசேஷ வீடுகளில் புதிதாக யாராவது என்னைக் காட்டி யாரென்று கேட்டால், முன்பெல்லாம் மாமியார் "மருமவ, கணக்கு டீச்சரு" என்று நிறுத்திக்கொள்வார். இப்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறார்:

"எங்க அம்மனுக்கே தெசை காட்டினவ."