நான் அழுத நொய்ஷ்டாட்

எதையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் பேசுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. டெக்சஸில், கேட்டி என்ற ஊரில், ஓர் இன்டர்வியூ அறையில் அதைத் தொலைத்தேன்.

வேலை போய், விசாவுக்கு மூன்று வாரம்தான் மிச்சம். அப்போது கூப்பிட்டது ஓர் உலோகச் சாமான் கம்பெனி. தலைமையகம், ஜெர்மனியில் நொய்ஷ்டாட் என்ற சிற்றூர்.

"அவங்க ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு பானு, உருகிடுவாங்க" என்றார் என் கணவர் ரஃபீக்.

(உருகியது நான்தான்.)

இணையத்தில் அந்த ஊரைத் தேடினேன். மலைக்காடு, ஆறு, ஆற்றங்கரையில், இப்போது மூடிவிட்ட அந்தக் காலக் கடிகார ஆலைகள். ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து கடிகார முகத்தில் எண்கள் எழுதும் பெண்கள். வெளியே சத்தமில்லாமல் பனி. ஒரு வாரம் நான் கேட்டியிலேயே இல்லை. சாம்பார் தாளிக்கும்போது டிக் டிக் கேட்டது. ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய எக்ஸிட்டைக்கூடத் தவறவிட்டேன். நூறு டிகிரி வெயிலில் என் கார் கண்ணாடிக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

இன்டர்வியூவில் எதிரே நரைத்த மீசையோடு மேலாளர், அசல் நொய்ஷ்டாட்காரர். "எங்கள் ஊர் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியுமாவா! பத்து நிமிடம் பேசினேன். ஆலைகள் மூடிய நாளில் ஊர் எப்படி மௌனமாகியிருக்கும் என்று சொல்லும்போது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"அழகான ஊர். ஆனால் அது வேறு நொய்ஷ்டாட்."

நொய்ஷ்டாட் என்றால் புது ஊர் என்று அர்த்தமாம். நம்மூர் புதூர் மாதிரி, ஜெர்மனி முழுக்க இருக்கிறதாம்.

"உங்கள் ஊரில் என்ன செய்தார்கள்?" என்றேன், டிஷ்யூவுக்குள்ளிருந்து.

"சாக்கடை மூடி."

பிறகு அவரே சொன்னார். இரும்பை உருக்கி வார்க்கும் ஆலையின் கரி ஊர்மேல் விழுந்துகொண்டே இருக்குமாம். துணிகளை வீட்டுக்குள்தான் உலர்த்துவார்களாம். சின்ன வயதில் பனி சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்தாராம். அதையும் நான் வாயைப் பிளந்து கேட்டேன். சாம்பல் நிறப் பனி அந்த அறைக்குள்ளேயே மெல்ல இறங்கியது. என்னுடைய தகுதிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்ல எனக்கும் ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரஃபீக் கேட்டார்: "என்னாச்சு?"

"ஊர் மாறிப்போச்சுங்க."

"இங்கேருந்து பத்து நிமிஷம்தானே ட்ரைவ் பண்ணின, எப்படி மாறும்?"

சொன்னேன். சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

நான்காம் நாள் வேலைக்கான கடிதம் வந்தது. ஏன் கொடுத்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை; கேட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்ற பயம்.

ஆனால் வீட்டில் மானம் திரும்பவில்லை. டிவியில் ஏதாவது சோகக் காட்சி வந்து நான் மூக்கை உறிஞ்சினால் போதும், மகள் தலையைத் தூக்காமலே கேட்கிறாள்:

"மாம், ஆர் யூ ஷ்யூர் இட்ஸ் த ரைட் டவுன்?"