லேத்துக்குப் போட்ட மாலை

எங்கள் பயிற்சிக் கூடத்துக்குப் பூட்டுப் போட்டது நீங்கள்தான், தலைவரே. பழியை என் தலையில் கட்டிவிட்டு இத்தனை வருடமாக மேடை மேடையாகப் பொன்னாடை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுபதுகளின் கடைசி. திருபுவனைப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய நேரம். ஊர்ப் பையன்கள் தொழில் கற்கட்டும் என்று வில்லியனூர்க் கடைக்காரர்கள் சங்கம் பணம் சேர்த்து, பழைய நெல் குடோன் ஒன்றில் லேத் மிஷினை இறக்கியது. (நல்ல காரியம்தான். இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.) மில்லில் ஃபிட்டராக இருந்த மாஸ்டர் எங்களுக்கு இரும்பு கடையச் சொல்லிக்கொடுத்தார். மளிகை மொத்த வியாபாரியான நீங்கள் சங்கத்துக்குத் தலைவர்.

ஏம்பலத்தில் கரும்பு வெட்டிய என் அப்பாவுக்கு ஒரே ஆசை. மகன் கம்பெனிச் சட்டை போட வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்பெனி மேனேஜர் வருகிறார், வேலையைப் பார்த்து ஆள் எடுப்பார் என்றதும் அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஓட்டிக் காட்ட மாஸ்டர் என்னைத்தான் நிறுத்தினார். நானோ இரவல் பெல்பாட்டமும் முகம் நிறையப் பவுடருமாகப் போய் நின்றேன். (மேனேஜர் லேத் ஓட்ட ஆள் தேடினாரா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடினாரா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.)

இரும்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதிக்கு சக் என்று பெயர். அதன் மேல் முதல் நாள் பூஜையில் போட்ட ஆளுயரச் சாமந்தி மாலை அப்படியே இருந்தது.

"ஐயா, மாலைய எடுத்துட்டு ஓட்டறங்க."

"இன்னாடா, நல்ல நாளும் அதுவுமா மாலைய கழட்டறன்ற? பூவு மிஷின கடிச்சிடுமா?" என்றீர்கள்.

மாஸ்டர் குறுக்கே வந்தார். "சுத்தறதுல நூலு கூட இருக்கக் கூடாதுங்க."

"நீ சும்மா இருய்யா. மிஷின வாங்கிக் குடுத்தது யாரு? ஓட்றா!"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

குடோன் முழுக்கப் பூமழை. சங்கத்தார் கை தட்டினார்கள். (வரவேற்பு ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள்.) நீங்கள் பூரித்துப்போய்க் குனிந்தீர்கள். அறுந்து சுழன்ற மாலை நார் உங்கள் தோளில் கிடந்த சரிகைத் துண்டைப் பற்றி இழுத்துக் கிழித்தது. "ஐயோ, என் துண்டு!" என்று சுழலும் மிஷினுக்குள் கையை நீட்டினீர்கள். ஒரு கையால் சுவிட்சை அணைத்தேன். மறு கையை உங்கள் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். மேனேஜருக்காக வாங்கி வைத்திருந்த கலர் சோடா பாட்டில்களின் மேல் போய் உட்கார்ந்தீர்கள்.

மிஷின் நின்றதும் உங்கள் முதல் வார்த்தை: "டேய், என்னையே தள்றியா?"

பேன்ட்டெல்லாம் கலரோடு மேனேஜர் போய்விட்டார். யாரையும் எடுக்கவில்லை. மறுநாள், எல்லாம் இந்தப் பையனால் கெட்டது என்று ஊரறியச் சொல்லிவிட்டு, லேத்துக்குக் கோணி போர்த்தி, கதவுக்குப் பூட்டுப் போட்டீர்கள். மாஸ்டரை அனுப்பிவிட்டீர்கள். நான் அப்பா பக்கத்தில் நின்று கரும்பு வெட்டினேன். அவர் திட்டவில்லை. "அந்த ஆளுக்கு அடி கிடி படலியேடா?" என்று மட்டும் கேட்டார்.

என் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது மச்சான் கத்தினான்: "மாமா, மொதல்ல மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணு!" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கழுத்தில் மாலை விழுந்தாலும் இந்தப் பேச்சுத்தான். அப்பா செத்த அன்று அவர் மேல் மாலை போட்டேன். பழக்கத்தில் அம்மாவே அழுகைக்கு நடுவில், "மிஷின் நின்னுப்போச்சிடா" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார்கள். கம்பெனிச் சட்டையில் என்னைப் பார்க்காமலே அவர் போனார்.

அடுத்த மாதம் சங்கத்தின் ஆண்டு விழாவாம். ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் கொடுத்த வள்ளல் என்று உங்களுக்கு மறுபடி பொன்னாடையாம். முன்வரிசையில் நான் இருப்பேன். மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்: மாலையை எடுக்க விடாதது யார்? ஒரு துண்டு கிழிந்ததற்கா அத்தனை பையன்களுக்கும் கதவைச் சாத்தினீர்கள்?