நலன்விரும்பியும் இரண்டு கையுறைகளும்

எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத, சொல்லப்போனால் என் பேத்திக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக் கொடுத்த ஒரு பெண்மணிக்கு எதிராக, எழுபத்துமூன்றாவது வயதில் நான் பெட்டிசம் எழுதினேன். அதுவும் பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இனி வரும் கதையில் நான் நல்லவன் போலத் தோன்றக்கூடிய இடங்கள் ஒன்றிரண்டு உண்டு. ஏமாந்துவிடாதீர்கள்.

இளமையில் யாழ்ப்பாணத்துக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். ஊர்ச் சனங்கள் ஒருவர்மேல் ஒருவர் எழுதி அனுப்பும் முறைப்பாடுகளைப் பிரித்து வாசித்துக் கோப்பில் போடுவது என் வேலை. அடுத்த வீட்டுக்காரன் வேலியை ஒரு சாண் தள்ளி அடைத்துவிட்டால், ஏன் தள்ளினாய் என்று எங்கள் ஆட்கள் அவனைக் கேட்கமாட்டார்கள். கேட்டால் முகம் முறிந்துவிடும். அரசாங்க அதிபருக்கு மூன்று பக்கத்தில் எழுதி, கீழே 'நலன்விரும்பி' என்று போட்டுவிட்டு, மறுநாள் அதே வேலிக்கு மேலால் அவனிடமே பச்சைமிளகாய் வாங்குவார்கள். கனடாவுக்கு வந்தபின் இருபத்திரண்டு வருடம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை. முதல் வேலையில் மற்றவர்களின் சந்தேகத்தை வாசித்தேன்; இரண்டாவதில் நானே சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினேன். இப்படி வளர்ந்தவனை ஒரு கொலம்பியச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆரணியின் பிழை.

ஆரணி என் மகளின் மகள். ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், வாட்டர்லூவில், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மார்த்தா என்ற கொலம்பியப் பெண்மணியின் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். போன பெப்ரவரியில் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மப்பா, வெள்ளிக்கிழமை நீங்களும் அம்மம்மாவும் லஞ்சுக்கு இஞ்ச வாங்கோ. மார்த்தான்ர ரெஸ்டோரன்ட். கொலம்பியன் ஃபூட். யூ வில் லவ் இட்!"

நாங்கள் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து பஸ் ஏறினோம். எனக்கு வழியெல்லாம் ஒரே யோசனை.

"உவள் ஏன் திடீரெண்டு எங்களைக் கூப்பிடுறாள்?" என்று மனைவி மனோவிடம் கேட்டேன்.

"சாப்பாடு தரக் கூப்பிடுறாள்."

"பொடியன் ஆரும் இருப்பானோ?"

"இருந்தா அவனும் சாப்பிடட்டும். சந்தேகம் இல்லாட்டி உங்களுக்குச் சோறு செமியாது. பேசாமல் வாங்கோ."

பொடியன் இருக்கவில்லை. யாருமே இருக்கவில்லை. ஆறு மேசை, மஞ்சள் சுவர், சத்தம் இல்லாமல் உதைபந்தாட்டம் ஓடும் ஒரு தொலைக்காட்சி. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு வெறுமையாக இருக்கும் சாப்பாட்டுக் கடையை நான் நம்புவதில்லை. (சந்தேகம் இலக்கம் ஒன்று. மாணவர்களுக்கு அது விடுமுறைக் கிழமை என்பதை ஆரணி சொன்னாள்தான். கோப்பில் ஏற்றுக்கொள்ளவில்லை.)

மார்த்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டையான உருவம், ஏப்ரன், பெரிய சிரிப்பு. ஆரணியைக் கட்டிப்பிடித்தார், மனோவின் கன்னத்தில் முத்தமிட்டார், எனக்குக் கதிரையை இழுத்துவிட்டு, "இருங்கள், மி அமோர்" என்றார்.

"என்னவாம்?" என்றாள் மனோ.

"'மை லவ்' எண்டு சொல்லுறா, அம்மம்மா. எல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுவா. பஸ் டிரைவரையும் சொல்லுவா."

மனோ என்னைப் பார்த்தாள், மார்த்தாவைப் பார்த்தாள், தன் கைப்பையை எடுத்து எனக்கும் மார்த்தாவுக்கும் நடுவே மேசையில் வைத்தாள். (சந்தேகம் இலக்கம் இரண்டு. இது என்னுடையது அல்ல.)

மனோவுக்கு வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் கிடையாது. அவள் சோறு, அவரை விதைக் கறி, வாழைப்பழப் பொரியல் சொன்னாள். ஆரணி தன் வழக்கமான உருளைக்கிழங்கு, சோளம் போட்ட சூப். விரதம் எங்கள் வீட்டில் மனோவின் இலாகா என்பதால் நான் பொரித்த கோழி சொன்னேன். அந்தப் பட்டியலில் உருவம் தெரிந்த பிராணி அது ஒன்றுதான்.

"மாட்டிறைச்சி கலக்கவில்லையே?" என்று மார்த்தாவிடம் கேட்டேன். இல்லை என்றார். சற்று நேரத்தில் மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "கோழிக்குள் மாடு எப்படி ஐயா நுழையும்?" என்றார்.

"அம்மப்பா, ப்ளீஸ், நோர்மலா இருங்கோ," என்றாள் ஆரணி பல்லைக் கடித்துக்கொண்டு.

முதலில் எனக்கும் ஒரு சின்னக் கோப்பையில் சூப் வந்தது. உறைப்பு இல்லை. மாத்திரைப் போத்தல் ஒன்றில் வீட்டு மிளகாய்த்தூள் கொண்டுபோயிருந்தேன். (எங்கும் கொண்டுபோவேன். ஆஸ்பத்திரிக்கும்.) ஒரு சிட்டிகை போட்டு, கரண்டி எட்டாத தூரத்தில் இருந்ததால் சுட்டுவிரலால் கலக்கி, விரலைச் சூப்பிப் பார்த்தேன். நிமிர்ந்தால் மார்த்தா பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிஷம், அம்மம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கி வச்சனான், எடுத்துக்கொண்டு வாறன்," என்று ஆரணி மேலே ஓடினாள். அவள் போன அந்த இடைவெளியில்தான் கோழி வந்தது.

மனோவின் தட்டோடு முள்ளுக்கரண்டியும் கரண்டியும் வந்தன. ஆரணியின் சூப்போடு கரண்டி வந்தது. என் கோழியோடு, மடித்த துடைப்புத்தாளின் மேல், இரண்டு பிளாஸ்டிக் கையுறைகள் வந்தன. தலைக்கு மை பூசும்போது போடுவோமே, அந்த மாதிரி மெல்லிய கையுறை. எனக்கு மட்டும்.

நாற்பது வருடத்துக்கு முன், ரொறன்ரோவின் பார்க்டேலில் நாங்கள் ஒன்பது பேர் ஓர் அறையில் இருந்த காலத்தில், செக்யூரிட்டி வேலைக்கு முன் நான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டறையில் சோற்றுப் பெட்டியைத் திறந்து கையால் குழைத்தேன். மேற்பார்வையாளர் எழுந்துவந்து, என் முன்னால் ஒரு பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். மேசை முழுவதும் சிரித்தது. அந்த வேலையில் இருந்த மூன்று வருடமும் படிக்கட்டில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ஆகவே அந்தக் கையுறைகளைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? மார்த்தா ஆறடி தூரத்தில் நிற்கிறார். "இது எதற்கு?" என்று இரண்டு சொல் கேட்பான். கச்சேரியில் பயிற்சி பெற்றவன் கேட்கமாட்டான். கையுறைகளைச் சான்றுப்பொருளாகக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு வெறுங்கையால், முழங்கை வரை எண்ணெய் வடிய, எலும்பைக் கடித்து உறிஞ்சி, ஒரு சமூகத்தின் மானத்தைக் காப்பாற்றும் வேகத்தில் கோழியைத் தின்றேன். மார்த்தா என் கைகளைப் பார்த்துத் தயங்கி, ஒரு கட்டுத் துடைப்புத்தாள் கொண்டுவந்து வைத்தார். (மேலதிக சான்று.)

சால்வையோடு வந்த ஆரணி, "எப்பிடி இருக்கு?" என்றாள்.

"நல்லம்," என்றேன். அது உண்மை. அவ்வளவு ருசியான கோழியை நான் அந்த வருடம் சாப்பிடவில்லை. அதற்காகவும் மார்த்தாவின்மேல் கோபம் வந்தது.

சனிக்கிழமை காலை தேநீரோடு உட்கார்ந்து, இணையத்தில் அந்தக் கடையின் பக்கத்தைத் தேடிப்பிடித்தேன். கருத்து எழுதும் இடத்தில் கச்சேரி ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பொதுமக்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில், மேற்படி நிறுவனத்தில் கையால் உண்ணும் பண்பாட்டைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தொற்றுநோயாளி போல நடத்தப்பட்டார்.' கையுறைகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் படம் எடுத்துச் சேர்த்தேன். ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். அதற்குக் குறைய வழியில்லை. பெயரை மாற்றி 'நலன்விரும்பி' என்று போட்டேன்.

இரண்டு கிழமையில் அறுபது பேர் அதன்கீழ் எழுதிவிட்டார்கள். வெட்கம், அநியாயம், இனி அந்தப் பக்கம் போகமாட்டோம். கச்சேரியில் எந்தப் பெட்டிசத்துக்கும் இப்படி ஒரு வரவேற்பு இருந்ததில்லை. காலையும் மாலையும் திறந்து வாசித்துப் பூரித்தேன். மூன்றாம் கிழமை ஆரணி கூப்பிட்டாள்.

"அம்மப்பா, நலன்விரும்பி எண்டது ஆர்?"

"எந்த நலன்விரும்பி, பிள்ளை?"

"நயாகராவுக்கு முன்னால பொன்னாடையோட நிக்கிற நலன்விரும்பி."

என் அறுபதாவது பிறந்தநாளில் எடுத்த படம். பெயரை மாற்றியவன் கணக்கில் இருந்த படத்தை மாற்றவில்லை. உலகத்திலேயே கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முகத்தை ஒட்டி மொட்டைக் கடிதம் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"கொலம்பியாவில கோழிக்கு எல்லாருக்கும் க்ளவுஸ் குடுப்பினம், அம்மப்பா. எல்லாருக்கும்! அவையும் கையாலதான் கோழி சாப்பிடுறவை. எண்ணெய் பிடிக்காமல் இருக்கத்தான் அது. யூ வேர் த ஒன்லி வன் ஹூ ஓர்டர்ட் சிக்கன்!"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மார்த்தா அண்டைக்கே உங்கட படத்தைக் கண்டிட்டா. எனக்குச் சொல்லேல்லை. நான் கவலைப்படுவனாம். க்ளவுஸ் எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சுப்போட்டு, கதவில 'ஐ ஆம் சொறி' எண்டு எழுதி ஒட்டியிருக்கிறா. என்ர வகுப்புப் பிள்ளையள் வாறேல்லை. நான் அவவின்ர வீட்டில இருக்கிறன். காய்ச்சலுக்கு இரவிரவா முழிச்சிருந்து பாத்தவ. இனி அவவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" மூக்கைச் சிந்தினாள். "ஏன் கேக்கேல்லை? அவவிட்டக் கேக்காட்டி என்னட்டையாவது கேட்டிருக்கலாமே!"

அந்தக் கிழமையிலிருந்து அவள் வார இறுதிக்கு ஸ்காபரோ வருவதை நிறுத்தினாள். என் அழைப்புகளை எடுக்கவில்லை. மனோ என் காற்சட்டையைத் தோய்க்க எடுத்தவள், பையிலிருந்த கையுறைகளை இரண்டு விரலால் தூக்கிப்பிடித்து, "இதையும் கோப்பில போடுறதோ, எறியிறதோ?" என்று கேட்டாள். அன்று மத்தியானம்தான் அந்த முள்ளுக்கரண்டிக் கதையை முதன்முதலாக அவளுக்குச் சொன்னேன். கேட்டுமுடித்தவள் கையுறைகளை மேசையில் வைத்தாள். பிறகு, "அந்தாளுக்கு எழுதவேண்டியதை இந்த மனிசிக்கு எழுதியிருக்கிறியள்," என்றாள்.

பெட்டிசத்தை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. ஏழுமுறை ஊகித்ததில் கணினி என்னையே சந்தேகித்துக் கதவைப் பூட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் என் முழுப்பெயரில் புதுக்கணக்குத் திறந்து, அதன்கீழ் எழுதினேன்: 'மேற்படி நலன்விரும்பி ஒரு மடையர் என்பதை விசாரித்து உறுதிப்படுத்தியுள்ளேன். அவரை எனக்கு எழுபத்துமூன்று வருடங்களாகத் தெரியும். கையுறை எல்லோருக்கும் உரியது. கோழி அபாரம்.' ஐந்து நட்சத்திரம்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். மன்னிப்பை இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். மார்த்தா சிரிக்கவில்லை. மி அமோர் என்றும் சொல்லவில்லை. காகிதத்தை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"அந்த மூலையில்தான் நின்றேன். ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்றார்.

இரண்டு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. "எனக்குக் கேட்கத் தெரியாது. எழுத மட்டும்தான் தெரியும்," என்றேன். அது மன்னிப்பாகுமா என்று தெரியவில்லை. உண்மை அதுதான்.

அவர் உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. எழும்பிப் போய்விடலாமா என்று மனோவைப் பார்த்தேன்; அவள் அசையவில்லை. கடைசியில் ஒரு கூடை பொரித்த கோழியும், எங்கோ ஒளித்துவைத்த பெட்டியிலிருந்து இரண்டு கையுறைகளும் வந்தன. நான் போடும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். போட்டேன். கையுறைக்குள் கோழிக்கால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் கடியிலேயே அது துள்ளிப் பறந்து, பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவனின் கணினி விசைகளின்மேல் போய் விழுந்தது. மார்த்தா ஏப்ரனால் வாயைப் பொத்தினார். படிக்கட்டில் யாரோ வெடித்துச் சிரித்த சத்தம் கேட்டது. திரும்பினால் ஆரணி.

சிரித்தாள் என்பதற்காக மன்னித்துவிட்டாள் என்று இல்லை. வீட்டுக்கு வர இன்னும் ஒரு மாதம் எடுத்தாள். போன மாணவர்கள் எல்லோரும் கடைக்குத் திரும்பவும் இல்லை. அது என் கணக்கில் நிற்கிறது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தானாலும், எல்லோருக்கும் வாழையிலை போட்டு முடிந்ததும், என் இலையின் ஓரத்தில் யாராவது இரண்டு கையுறைகளை வைத்துவிடுகிறார்கள். ஆரணியின் பிறந்தநாளுக்கு ஸ்காபரோ வந்து, சோற்றை வெறுங்கையால் அழகாகக் குழைத்துச் சாப்பிட்ட மார்த்தா, எனக்குத் தானே கொண்டுவந்து வைத்தார்.

போன கிழமை ஆரணி தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். அந்த நயாகராப் படத்தை மார்த்தா இணையத்திலிருந்து எடுத்து, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் கையுறைப் பெட்டிக்கு நேர்மேலே மாட்டியிருக்கிறாராம். புதிதாக வரும் பிள்ளைகள் இவர் யார் என்று கேட்டால், எங்கள் நலன்விரும்பி என்கிறாராம்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மனோ தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"பிள்ளை, படம் மட்டும்தானே மாட்டினவ? மாலை ஒண்டும் போடேல்லையே?"

"மாலை இல்லை, அம்மம்மா," என்றாள் ஆரணி. "சுத்திவர லைட்ஸ் போட்டிருக்கிறா. விட்டு விட்டு எரியுது."