பூசணிக்காய்க்கு நூற்றிரண்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு முகம் பார்த்துப் பேசத் தெரியவில்லை. "நல்லா இருக்கியா" என்று கேட்டால் "தொண்ணூத்தேழு புள்ளி நாலு" என்று பதில் வருகிறது. நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற ஒரு துப்பாக்கியை நீட்டினால் கர்ப்பக்கிரகத்தின் முன்னால் நிற்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். எண் பச்சையில் வந்தால் பிழைத்தோம் என்று பெருமூச்சு. சிவப்பில் வந்தால் பின்னால் நிற்பவன் நாலடி தள்ளிப் போகிறான். அந்த நாலடியைச் சர்க்கார் ஒன்றரை வருஷமாகக் கெஞ்சிக் கேட்டும் அவன் கொடுத்ததில்லை.

கொளஞ்சியப்பனுக்கு இதை நாளெல்லாம் பார்க்கிற வேலை. வயது அறுபத்தேழு. மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனார். அதற்குமேல் பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. முப்பது வருஷம் கடலூர் சில்வர் பீச்சில் வேர்க்கடலை அவித்து விற்றவர். கொரோனா வந்ததும் கடற்கரையைப் பூட்டிவிட்டார்கள் என்று சொன்னார்கள். கடலை எப்படிப் பூட்டுவது என்று விளங்காமல் போய்ப் பார்த்தார். சாலையில் இரண்டு இரும்புத் தடுப்பு, ஒரு போலீஸ்காரர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கடல் தன் பாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இவர் வியாபாரம்தான் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

துணிக்கடை ஜமாலுதீன் பாய்தான் இரக்கப்பட்டு, கடை வாசலில் நிற்கச் சொல்லி அந்தத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். வருகிறவர்கள் நெற்றியில் காட்ட வேண்டும். நூறைத் தாண்டினால் உள்ளே விடக் கூடாது.

ஒரே வாரத்தில் துப்பாக்கியின் யோக்கியதை தெரிந்துபோனது. உச்சி வெயிலில் வண்டி ஓட்டிவந்த ஒரு வாலிபனுக்கு நூற்றொன்று காட்டியது; ஐந்து நிமிஷம் நிழலில் நிறுத்தியதும் தொண்ணூற்றேழு. மூட்டை இறக்குகிற அப்துல்லாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே ஈரத்தோடு வந்தான், தொண்ணூற்றைந்து. காய்ச்சல் இல்லாதவன் வெளியே, காய்ச்சல்காரன் உள்ளே.

"இது காச்சலைப் பாக்கல பாய். தோலைப் பாக்குது" என்று கொளஞ்சியப்பன் முதலாளியிடம் சொன்னார்.

"ஆர்டர் போட்டிருக்காங்க கொளஞ்சி. நீ காட்டு" என்றார் பாய். காட்டினார்.

அந்த ஆடி மாதத்தில்தான் சிதம்பரத்தில் சீதளச் சித்தர் தோன்றினார்.

எங்கிருந்து தோன்றினார் என்பதில் இரண்டு கட்சி. இமயமலை என்றார்கள் அவருடைய ஆட்கள். நெய்வேலியில் ஏசி ரிப்பேர் பார்த்தவர் என்றான் ஒருவன். நாத்திகன் என்று அவனை ஒதுக்கிவிட்டார்கள். ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொண்டு சித்தர் அருள்பாலித்தார். மண்டபத்துக்குள் ஐம்பது பேருக்குமேல் கூடக் கூடாது என்று உத்தரவு. சித்தர் உத்தரவை மதிக்கிறவர். ஐம்பது பேரைத்தான் உள்ளே விட்டார். வாசலில் ஒருவர் முதுகை ஒருவர் முட்டிக்கொண்டு நின்ற ஐந்நூறு பேர் மண்டபத்துக்குள் இல்லை. ஆகவே கணக்கில் இல்லை. நெல்லிக்குப்பத்திலிருந்து கரும்பு டிராக்டரில் ஏறி வந்தவர்கள்கூட இருந்தார்கள்.

சித்தரின் உபதேசம் எளிமையானது. கிருமி என்று ஒன்று கிடையாது. எல்லாம் சூடு. சூடு இறங்கினால் நோய் இறங்கும். நம்பாதவர்களுக்கு நிரூபணமும் வைத்திருந்தார்: வாசலில் ஒரு துப்பாக்கி, உள்ளே ஒரு துப்பாக்கி. வாசலில் ஏறியிருந்த எண் உள்ளே இறங்கிவிடும். இறங்கியதும் மணி அடித்து, கையில் நீலக் காப்பு கட்டுவார்கள். காப்பு கட்டியவருக்கு மாஸ்க் வேண்டாம், இடைவெளி வேண்டாம், ஊசியும் வேண்டாம். காப்புக்குக் கட்டணம் ஏதும் கிடையாது. காணிக்கை மட்டும்தான். காணிக்கை எவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்தது.

ஒரு நாள் காலையில் கொளஞ்சியப்பனுக்குப் போன் வந்தது. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை புஷ்பவள்ளியின் மகள் காயத்ரி. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவள். அம்மாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாள் என்றாள். போனால் டெஸ்ட் எடுப்பார்கள். எடுத்தால் தெருவை அடைத்துத் தகரம் அடிப்பார்கள். அடித்தால் வீட்டு முன்னறையில் நடத்துகிற இட்லிக் கடை போய்விடும், தெருவே வாயில் போட்டு மெல்லும். அதனால் சித்தரிடம் கிளம்பிக்கொண்டிருக்கிறாளாம்.

"நீங்க வந்து சொன்னாதான் மாமா அம்மா கேக்கும். ராத்திரில அது மூச்சு விடுற சத்தம் எனக்குப் பக்கத்து ரூமுக்குக் கேக்குது."

கொளஞ்சியப்பன் துப்பாக்கியைக்கூட ஒப்படைக்காமல் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டில் உட்காரக் கூடாது என்று பெருக்கல் குறி போட்டிருந்தது. குறியின்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. அத்தனை கூட்டத்துக்கு ஒரு கீற்றுப் பந்தல்கூடப் போடவில்லை. வெயிலில் நின்றால்தான் வினை கரையுமாம். கேட் தூணின்மேல் திருஷ்டிக்கு வைத்த பூசணிக்காயும் காலையிலிருந்து அவர்களோடு வினையைக் கரைத்துக்கொண்டிருந்தது. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரருக்கு ஒரு கையில் லத்தி, மறு கையில் நீலக் காப்பு.

வாசல் துப்பாக்கியை ஸ்ரீதர் என்கிற சீடன் வைத்திருந்தான். மீன் ஏலம் விடுகிறவன்போல எண்ணைக் கூவினான். ஒன்றரை மணி நேரம் வெயிலில் காய்ந்த நெற்றிகளில் நூற்றொன்று, நூற்றிரண்டு என்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் கூட்டம் "ஐயோ" என்றது. கொளஞ்சியப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதற்குள் புஷ்பவள்ளிக்கு நூற்றிரண்டு புள்ளி மூன்று என்று கூவி உள்ளே விட்டுவிட்டார்கள். அண்ணன் என்று சொல்லி இவரும் நுழைந்தார். தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு காயத்ரி நின்றாள்.

உள்ளே ஏசி மார்கழியாக இருந்தது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. மேடையில் சித்தர், பக்கத்தில் ஒரு பித்தளைக் குண்டான் நிறையத் தண்ணீராகக் கரைத்த சந்தனமும் பச்சைக் கற்பூரமும். நெற்றி கொள்ளாமல் அள்ளிப் பூசினார். வேப்பிலையால் ஐந்து நிமிஷம் விசிறினார். வாய் எதையோ முணுமுணுத்தது. பிறகு சீடன் துப்பாக்கியைக் காட்டினான்.

"தொண்ணூத்தாறு!"

மணி அடித்தது. ஐம்பது பேரும் கும்பிட்டார்கள்.

"எறங்கிடுச்சு அண்ணே, பாத்தியா" என்று புஷ்பவள்ளி சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்தது. இருமலில் பிடித்துக்கொள்ளச் சுவரைத் தேடினாள்.

கொளஞ்சியப்பன் அவளைச் சுவரோரம் உட்கார வைத்தார். வெளியே போனார். தூணிலிருந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பெரியவரே, அதை எடுக்கக் கூடாது" என்று ஸ்ரீதர் ஓடிவந்தான்.

"இதுக்கும் ஒடம்பு சரியில்ல தம்பி."

காயை நடுக்கூடத்தில் வைத்து, மஞ்சப்பையிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாளைப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள்: நூற்றிரண்டு. பழக்கதோஷத்தில் நாலு பேர் "ஐயோ" என்றார்கள். கொளஞ்சியப்பன் சித்தரின் குண்டானில் கைவிட்டுச் சந்தனத்தை அள்ளிப் பூசணிக்காய்க்குப் பூசினார். அவருடைய வேப்பிலையையே எடுத்து ஐந்து நிமிஷம் விசிறினார். மந்திரம் தெரியாததால் "கல்ல, அவிச்ச கல்ல" என்று தன் பழைய வியாபாரக் குரலை மெதுவாகச் சொல்லிக்கொண்டார். மறுபடி காட்டினார். அந்த அம்மாள் படித்தாள்: தொண்ணூற்றாறு.

"கொணமாயிடுச்சு. மணி அடிச்சிக் காப்பு கட்டு தம்பி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சித்தர் சிரிக்கவில்லை. கண்ணை மூடித் திறந்து, பக்தர்கள் அத்தனை பேர் சூட்டையும் அந்தக் காய்தான் தாங்கிக்கொண்டிருந்தது என்றும், இன்று அதற்கும் சாந்தி கிடைத்தது என்றும் அருளினார். கூட்டம் பூசணிக்காயைப் பார்த்துக் கைகூப்பியது. இரண்டு பேர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கொளஞ்சியப்பன் பூசணிக்காயை விட்டுவிட்டார். முட்டாள்தனத்தில் போட்டி போட்டால் கூட்டத்தை ஜெயிக்க முடியாது.

"காயத்ரி, பையில கண்ணாடி வச்சிருக்கியா?"

மெடிக்கல்காரியின் பை. அக்குளில் வைக்கிற கண்ணாடித் தெர்மாமீட்டர் இருந்தது.

"அம்மா கம்புக்கூட்டுல வை."

அது அபசாரம் என்றார் சித்தர்.

"நெத்திச் சூட்டை எறக்கிட்ட. சரி. கம்புக்கூட்டுச் சூடு எங்க போச்சுன்னு பாக்குறேன். எறங்கியிருந்தா நானே காப்பு கட்டிக்கிறேன் சாமி. அஞ்சு நிமிசம் இரு."

சித்தர் இருந்தார். காயத்ரி கண்ணாடியை உருவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நூத்தி மூணு மாமா."

புஷ்பவள்ளி நெற்றிச் சந்தனத்தை முந்தானையால் வழித்துப் போட்டாள். முப்பது வருஷமாக இட்லிக் கொப்பரையின் சூட்டைக் கையாலேயே பார்க்கிறவள். புறங்கையைத் தன் கழுத்தில் வைத்தாள். எண்ணைவிட அந்தக் கை அவளுக்குச் சொந்தமானது.

"கொதிக்குதே அண்ணே" என்றாள். பிறகு மெதுவாக, "நாலு நாளா எனக்கு மூச்சு முடியல. சொன்னா தகரம் அடிச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

முந்தாநாளே காப்பு கட்டியிருந்த ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, எனக்கும் வைத்துப் பாரம்மா என்றார். காயத்ரி கண்ணாடியைச் சானிடைசரால் துடைத்து வைத்தாள். நூற்றொன்று. அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. முதல் தடவையாக இடைவெளி விட்டு நின்றது. சித்தர் மௌனம் அனுஷ்டிக்க உள்ளறைக்குப் போனார். உள்ளறைக்குப் பின்கதவு இருந்தது. அவசரத்தில் ஏசியை நிறுத்தாமல் போய்விட்டார். ஏசிக்காரன் செய்கிற காரியமா அது. போலீஸ்காரர் காப்பைக் கழற்றினார். எறியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கொளஞ்சியப்பன் தங்கையை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அந்தப் பூசணிக்காயை வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஐந்து நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் புஷ்பவள்ளி வீட்டுக்கு வந்தாள். அவள் பயந்தபடியே தகரமும் அடித்திருந்தார்கள். ஓரத்தில் ஓராள் நுழைகிற சந்து விட்டிருந்தார்கள். பன்னிரண்டடித் தெருவில் தள்ளித் தள்ளி நடந்த சனம், அந்தச் சந்தில் மூச்சு மூச்சோடு உரசிக்கொண்டு போய் வந்தது.

"மூடுன ரூமுல, பக்கத்துல பக்கத்துல நின்னாதான் மாமா ஜாஸ்தி பரவும். காத்தோட்டமா இருந்தா கம்மி" என்று காயத்ரி விளக்கினாள்.

"அப்ப மண்டபம் தொறந்து கெடக்கு, பீச்சு மூடிக் கெடக்கே?"

"ஞாயித்துக்கெழமை பீச்சுல தோளோட தோள் இடிக்கும். யாரு நின்னு பிரிச்சி விடுறது? அதான் மூடிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை இடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பஜ்ஜிக் கடை வாசலில் ஒருவர் வாயில் ஒருவர் இருமுவதை முப்பது வருஷம் பார்த்தவர்.

"சரி, ஞாயித்துக்கெழம மூடு. செவ்வாக்கெழம அங்க நானும் ரெண்டு நாயும்தான். செவ்வாக்கெழம எதுக்கு மூடுற?"

மாஸ்க்கை மூக்குக்குமேல் ஏற்றுங்கள் மாமா என்றாள் காயத்ரி. ஏற்றிக்கொண்டார். அதில் காரணம் இருந்தது.

கடலூர் திரும்பியபின் ஒரு செவ்வாய்க்கிழமை கடற்கரைச் சாலைக்குப் போனார். அதே தடுப்பு, அதே நாற்காலி. புதிதாகப் போலீஸ்காரர் கையில் ஒரு துப்பாக்கி. அந்தப் பக்கம் மணலில் ஒரு மனுஷப் பூண்டு இல்லை. காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்தது. போலீஸ்காரர் எழுந்து அவர் நெற்றியில் காட்டினார்.

"தொண்ணூத்தேழு. நீங்க போலாம்."

"எங்க?"

"வந்த வழியே."

கொளஞ்சியப்பன் தடுப்பையும் கடலையும் பார்த்தார்.

"சார், வெயில்ல காயுற இந்தக் கம்பிக்கும் ஒருவாட்டி காட்டிப் பாருங்க. நூறைத் தாண்டும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமான்னு யோசிச்சு வைங்க."

சொல்லிவிட்டு நடந்தார். செவ்வாய்க்கிழமைக்கு அவருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. பத்தடி போனதும் பின்னால் கீச்சென்று சத்தம் வந்தது. போலீஸ்காரர் கம்பிக்குக் காட்டிப் பார்த்துவிட்டார். என்ன எண் என்று இவர் திரும்பிக் கேட்கவில்லை. எதற்குக் காட்டினாலும் எண் வரும். யோசனைதான் தானாக வராது.